பனிக்கால வெயிலும் ஒரு மாத்திரையும்

போன ஜனவரியில் எனக்கு உண்ணிக் காய்ச்சல். தொடை இடுக்கில் பீடி சுட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருந்ததைப் பார்த்துத்தான் டாக்டர் கண்டுபிடித்தார். டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரை, 100 மில்லிகிராம், காலையும் இரவும், 7 நாள். மூன்றாம் நாளே காய்ச்சல் விட்டுவிட்டது. நான்காம் நாள் கூடையை எடுத்துக்கொண்டு தேயிலைத் தோட்டத்தில் இறங்கிவிட்டேன்.

கோத்தகிரியில் அந்த மாதம் எப்படி இருக்கும் என்று இங்கிருப்பவர்களுக்குத் தெரியும். விடியும்போது புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. பத்து மணிக்கு மேகமே இல்லாத வானம், சில்லென்ற காற்று. ஸ்வெட்டரைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு மூன்று மணி நேரம் கொழுந்து கிள்ளினேன். வெயில் உறைக்கவே இல்லை.

சாயங்காலம் புறங்கை இரண்டும் மிளகாய் அரைத்த கைபோல எரிய ஆரம்பித்தது. மறுநாள் முழங்கை வரை சிவந்து வீங்கி, அங்கங்கே நீர்க்கொப்புளம். அம்மை போட்டிருக்கிறது என்று மாமியார் வேப்பிலை ஒடிக்கப் போய்விட்டார். வாட்ச் பட்டை இருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே, கோடு கிழித்தாற்போல இருந்தது. டாக்டர் அந்தக் கோட்டைப் பார்த்ததுமே, "வெயில்ல நின்னீங்களாம்மா?" என்றார்.

நான் சாப்பிட்ட டாக்ஸிசைக்ளின் தோலிலும் போய்த் தங்குமாம். அதன்மேல் புற ஊதாக் கதிர் பட்டால் தோல் வெந்துபோகும். நாங்கள் இருப்பதோ கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்தில். ஆயிரம் மீட்டர் ஏறினால் அந்தக் கதிர் சுமார் 10 சதவீதம் கூடும். குளிர் அதைத் தெரியவிடாது. மேட்டுப்பாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தாலும் கண்ணாடியைத் தாண்டி ஒரு பகுதி உள்ளே வந்துவிடும்.

மாத்திரைமேல் எனக்குக் கோபமில்லை. கவனிக்காமல் விட்டால் உண்ணிக் காய்ச்சல் உயிரையே எடுக்கும். டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டுமாக 7 நாளும் சாப்பிட்டு முடித்தேன். ஆனால் மருந்துக் கடையில் பொட்டலத்தை நீட்டும்போது "வெயில்ல போகாதீங்க" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிரஷருக்குக் கொடுக்கும் சில நீர் மாத்திரைகள், சிப்ரோஃப்ளாக்சசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக், முட்டிவலிக்குத் தடவும் கீட்டோப்ரோஃபென் ஜெல் இவற்றுக்கும் இதே குணம் உண்டு. எங்கள் ஊரில் முட்டிவலி இல்லாத வீடு எது?

கை இரண்டு வாரத்தில் உரிந்து ஆறியது. அதற்குப் பிறகுதான் வலது கட்டைவிரல் நகம் நுனியில் வெளுத்து, சதையை விட்டுத் தூக்கிக்கொண்டது. அதுவும் அந்த வெயிலின் வேலைதானாம். கொழுந்து கிள்ளுகிற நகம் அது. முழுசாக வளர்ந்து வர ஆடி மாதம் ஆகிவிட்டது.