கையெழுத்து

ஜூன் 9

பிரதோஷம் முடிந்து சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தபோது பெரியப்பா ஒரு தாளை நீட்டினார். அனைத்துச் சாதியினரும் அர்ச்சகராவதை எதிர்த்து மனு. எங்கள் தேவாரக் குழுவில் 22 பேர் போட்டாயிற்று, நான்தான் பாக்கி. “நாளைக்குப் போடறேன் பெரியப்பா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அப்போதே மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 10

அவர் வீட்டுத் திண்ணையில் வைத்துச் சொல்லிவிட்டேன். “இது கட்சிக்காரங்க பேச்சு. நீ சாமி கும்பிடுறவதானே?” என்றார்.

அந்தக் கேள்விதான் வலிக்கிறது. எட்டு வயதில் எனக்குப் பண் சொல்லிக்கொடுத்தவர் அவர். கோத்திரத்தையும் குலத்தையும் வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்று அப்பர் கேட்கிற பாட்டையும் அவரிடம்தான் கற்றேன். இந்த எண்ணம் எந்தக் கட்சி மேடையிலிருந்தும் எனக்கு வரவில்லை.

சாமியே இல்லை என்கிறவர்கள் கோயிலில் கைவைக்கிறார்களே என்ற அவருடைய பயம் எனக்குப் புரிகிறது. கொஞ்சம் எனக்கும் உண்டு. ஆனால் வந்தவர்கள் பூசை முறை படித்துவிட்டு வந்தவர்கள். எல்லாச் சாதியினரும் அர்ச்சகராக வழிசெய்து 1970-இல் சட்டமன்றத்தில் சட்டத் திருத்தம் வந்தது. எத்தனையோ வழக்குகளுக்குப் பிறகு 2021 ஆகஸ்டில்தான் அப்படிப் பயிற்சி பெற்ற 24 பேருக்குப் பணி ஆணை கிடைத்தது. ஐம்பது வருஷம்!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எங்கள் குழுவில் ஒருவர்கூடக் கருவறைக்குள் காலெடுத்து வைக்க முடியாது. பெரியப்பாவும்தான். அறுபது வருஷமாக வெளியே நின்றே பாடுகிறார். அதை அவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜூன் 12

மேட்டூர் திறந்துவிட்டார்களாம். எங்கள் வாய்க்காலுக்கு வர இன்னும் நாளாகும். அண்ணி இரண்டு நாளாகப் பேசவில்லை.

ஜூன் 17

வைத்தீஸ்வரன்கோயில் போகிற வழியில் திருப்புன்கூரில் இறங்கினேன். நந்தனார் பார்க்கட்டும் என்று சிவலோகநாதர் நந்தியை விலகச் சொன்ன தலம். சின்ன வயதிலிருந்து பார்க்கிற நந்திதான். இன்றைக்குத்தான் உறைத்தது: நந்தி விலகியது சரி, நந்தனார் வாசலில்தானே நின்றார்? அவரை உள்ளே வா என்று மனிதர்கள் யாரும் கூப்பிடவில்லையே. ரொம்ப நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 24

பிரதோஷம். தயங்கித் தயங்கித்தான் போனேன். இரண்டு பேர் தள்ளி உட்கார்ந்தார்கள். எப்போதும் முதல் பதிகம் நான்தான் எடுப்பேன். இன்று பக்கத்துத் தெருப் பெண்ணை எடுக்கச் சொன்னார்கள். பாதியில் அவளுக்குச் சுருதி இறங்கிவிட்டது. பெரியப்பா கண்ணைத் திறக்காமலே தாளத்தை என் பக்கம் தள்ளினார். வாங்கிப் பாடினேன்.

மனு போய்விட்டதாம், 22 கையெழுத்தோடு.