வெல்ஷ், கார்னிஷ் மொழிகளில் தேனீ: இதுவரை படித்தது

பிரிட்டனின் மேற்கிலுள்ள வேல்ஸின் வெல்ஷ் மொழியையும் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலின் கார்னிஷ் மொழியையும் அருகருகே வைத்துப் படிப்பது என் பொழுதுபோக்கு. இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள். இம்முறை எடுத்துக்கொண்டது தேனீ.

வெல்ஷில் தேனீக்கள் ‘க்வெனின்’, கார்னிஷில் ‘க்வெனென்’. முதல் எழுத்தைக் ‘கங்கை’யின் தொடக்க ஒலியாகச் சொல்ல வேண்டும். கூட்டத்தைக் குறிக்கும் இந்தப் பெயர்தான் அடிச்சொல். ஒரே ஒரு தேனீ வேண்டுமென்றால் வால் ஒட்ட வேண்டும்: ‘க்வெனனென்’, ‘க்வெனெனென்’. நாம் ஒருமையோடு ‘கள்’ சேர்த்துப் பன்மைக்குப் போகிறோம். அங்கே கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்கிறார்கள். மரத்துக்கும் எறும்புக்கும் இதே வழிதான். அதனால் சொற்களை மனப்பாடம் செய்ய நான் எழுதும் அட்டைகளின் முன்பக்கத்தில் கூட்டப் பெயரையே எழுதினேன்.

உச்சரிப்பில்தான் அதிக நேரம் போனது. வெல்ஷில் ஒரே உயிரெழுத்து கடைசி அசையில் ‘இ’யாக ஒலிக்கிறது, வால் ஒட்டியதும் அகரத்துக்கு நெருங்கிவிடுகிறது. கார்னிஷில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் மூன்று எகரங்கள் வரிசையாக வருவதால் எங்கே நிறுத்துவது என்று நாக்குக்குத் தெரிவதில்லை.

‘அந்தத் தேனீ’ என்று சுட்டினால் முதல் மெய்யே மறைந்துவிடும்: ‘அ வெனனென்’, ‘அன் வெனெனென்’. அகராதியில் தேடும்போது போன மெய்யைத் திரும்பச் சேர்த்துத்தான் தேட வேண்டும். கூட்டப் பெயருக்கு இந்த இழப்பு கிடையாது. எண்ணுக்குப் பின்னால் ஒருமைதான் வரும், நாம் ‘இரண்டு பழம்’ என்று கேட்பதைப்போல. இது மட்டும் உடனே பழகிவிட்டது.

வெல்ஷில் குளவிக்கு ஒரு பெயர் ‘குதிரைகளின் தேனீ’ என்று பொருள்படும். தேன்கூட்டுப் பெட்டிக்கோ படகைக் குறிக்கும் ‘கூஹ்’ என்ற சொல்லே பயன்படுகிறது. ஏன் படகு என்று இன்னும் தோண்டவில்லை.

கார்னிஷ் பக்கம் வியப்பூட்டியது பழமை. சுமார் 1100-ஆம் ஆண்டைச் சேர்ந்த லத்தீன்–கார்னிஷ் சொற்பட்டியலில் தேனீ இருக்கிறது. எழுத்துக்கூட்டலும் இன்றையதற்கு மிக நெருக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதிக்குள் பேச்சு வழக்கொழிந்து, 20-ஆம் நூற்றாண்டில் மீட்டெடுக்கப்பட்ட மொழி அது.

இப்போது வேல்ஸ் மன்னர் ஹவெல் தாவின் பெயரால் வழங்கும் இடைக்காலச் சட்டங்களில் இருக்கிறேன். தேனீக்கள் சொர்க்கத்திலிருந்து வந்தவை என்று சட்டமே சொல்லி, பிறகு விலையும் போடுகிறது: பழைய கூட்டுக்கு 24 பென்னி, அதிலிருந்து முதலில் பிரியும் கூட்டத்துக்கு 16. இரண்டாவதாகப் பிரிவதற்குத் தனிப்பெயரே உண்டு: ‘டார்வ்ஹைட்’, அதாவது காளைக் கூட்டம். அடுத்த அட்டை அதற்குத்தான்.