ஃப்ளூட் கறுத்துவிட்டதா? திருநீற்றுத் தட்டை எடுக்காதீர்கள்

வெள்ளிக் குத்துவிளக்கு கறுத்தால் நம் வீடுகளில் கை நேரே திருநீற்றுத் தட்டுக்குத்தான் போகும். ஈரத்துணியில் தொட்டு நாலு தேய் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். விளக்கு கெட்டி வெள்ளி, அது தாங்கும். சர்ச் குவயரிலும் பள்ளி பேண்டிலும் பிள்ளைகள் வாசிக்கிற வெஸ்டர்ன் ஃப்ளூட் தாங்காது. உள்ளே இருப்பது பெரும்பாலும் ஜெர்மன் சில்வர்: செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்த கலவை. பேரில்தான் சில்வர், உள்ளே துளி வெள்ளி கிடையாது. அதன்மேல் சில மைக்ரான் கனத்துக்கு வெள்ளி முலாம். நம் தலைமுடியே 50 மைக்ரானுக்கு மேல் இருக்கும் என்றால் இந்தப் பூச்சு எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள். திருநீறு, பல்பொடி, டூத்பேஸ்ட் எல்லாமே இதற்கு நைசான மணல்தான். போதாததற்கு அந்தப் பொடி துளைகளை மூடித் திறக்கும் கீகளைத் தாங்கும் ராடுக்குள் போய் அங்கிருக்கும் எண்ணெயோடு குழைந்து, கீயை மேலே எழும்பவிடாமல் பிடித்துக்கொள்ளும்.

கறுப்பு என்பது துரு கிடையாது. வெள்ளியும் கந்தகமும் சேர்ந்தால் வரும் சில்வர் சல்ஃபைடு அது. கந்தகம் எங்கிருந்து வருகிறது? சென்னையில் பக்கிங்காம் கால்வாய் ஓரமாகவோ ஓட்டேரி நல்லா கால்வாய் பக்கமோ போகும்போது மூக்கைப் பொத்த வைக்கும் அழுகின முட்டை நாற்றம் இருக்கிறதே, அந்த ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுதான் வெள்ளிக்கு முதல் எதிரி. காசிமேடு, ராயபுரம் பக்கம் கடற்காற்றின் ஈரமும் சேர்ந்துகொள்ளும். ஈரம் இருந்தால் இந்த வேலை இன்னும் வேகமாக நடக்கும். முதலில் லேசான மஞ்சள், பிறகு பழுப்பு, ஊதா கலந்த நீலம், கடைசியில் கறுப்பு. மஞ்சளாக இருக்கும்போதே கவனித்தால் சும்மா துணியால் துடைத்தாலே பாதி போய்விடும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். கறுப்பால் நாதம் கெடாது. கறுத்த ஃப்ளூட்டும் பளபளக்கும் ஃப்ளூட்டும் ஒரே மாதிரிதான் பேசும். ஒவ்வொரு முறை பாலிஷ் போடும்போதும் துணியில் கறுப்பாக ஒட்டுகிறதே, அதுவும் உங்கள் முலாம்தான். மாதம் ஒருமுறை பளபளப்பாக்கப்படும் ஃப்ளூட், ஐந்து வருடம் கறுத்தே கிடந்த ஃப்ளூட்டைவிடச் சீக்கிரம் தேயும். அதனால் கறுக்காமல் பார்த்துக்கொள்வதில்தான் முக்கால்வாசி வேலை இருக்கிறது.

வாசிக்கும் முன் சோப்பு போட்டுக் கை கழுவி, வாய் கொப்பளித்துவிட்டு உட்காருங்கள். முட்டை, வெங்காயம், பூண்டு எல்லாவற்றிலும் கந்தகம் உண்டு. வாசித்து முடித்ததும் ஹெட் ஜாயின்ட் (ஊதும் பாகம்), பாடி (நடுப்பாகம்), ஃபுட் ஜாயின்ட் (அடிப்பாகம்) மூன்றையும் கழற்றி உள்ளே துடைக்க வேண்டும். இதற்குப் பழைய மல் வேட்டியைப் போல வேறு துணி இல்லை. 4 அங்குல அகலம், ஒன்றரை அடி நீளத்துக்குக் கிழித்து, நூல் பிரியாமல் ஓரம் அடித்துக்கொள்ளுங்கள். கஞ்சி போட்ட வேட்டி ஆகாது. துணியின் ஒரு மூலையை கிளீனிங் ராடின் காதில் கோத்து, ராடின் நுனியையும் மூடிச் சுற்றி, பாகத்துக்குள் மெதுவாகத் திருகித் திருகி இழுங்கள். வெளிப்பக்கத்துக்கு மைக்ரோஃபைபர் துணி. கீகளுக்கு மேலே ஒற்றி எடுத்தால் போதும், கீழே நுழைக்காதீர்கள். பெரும்பாலான கீகளை அவற்றின் இடத்துக்குத் திருப்பித் தள்ளுவது ஊசி போன்ற ஒரு ஸ்பிரிங். துணி அதில் மாட்டினால் ஸ்பிரிங் கொக்கியிலிருந்து நழுவி, கீ தொளதொளவென்று தொங்கிவிடும்.

ஈரத்துணியைப் பெட்டிக்குள் வைத்து மூடுவதுதான் அதிகம் பேர் செய்யும் தப்பு. துடைத்து எடுத்த ஈரத்தை ராத்திரி முழுக்க ஃப்ளூட்டுக்கே திருப்பிக் கொடுக்கிறீர்கள். கீகளுக்கு அடியில் துளையை மூடும் மெத்தை போன்ற பேட்களும் ஊறி உப்பும். துணிக்குப் பெட்டிக்கு வெளியே பையில்தான் இடம். பெட்டிக்குள் ஒரு ஆன்டி டார்னிஷ் ஸ்ட்ரிப், 5 கிராம் சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டு போடுங்கள். ஸ்ட்ரிப் கந்தகத்தைப் பிடிக்கும், சிலிக்கா ஈரத்தைப் பிடிக்கும். ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. மூடிய பெட்டியில் ஸ்ட்ரிப் 6 மாதம் வரை வரும், தேதியை அதன் மேலேயே எழுதிவையுங்கள். ரப்பர் பேண்டு, கம்பளித் துணி, செய்தித்தாள் மூன்றும் பெட்டிக்குள் வரவே கூடாது. ரப்பரைப் பதப்படுத்துவதே கந்தகம் போட்டுத்தான். தீபாவளிக்கும் போகிக்கும் பெட்டியைத் திறக்காமல் பீரோவுக்குள் வைத்துவிடுங்கள். பட்டாசு மருந்திலும் கந்தகம், போகியன்று தெருவில் எரியும் டயரிலும் கந்தகம்.

சரி, கறுத்தே விட்டது, என்ன செய்வது? சில்வர் பாலிஷ் துணி, அதுவும் வருடத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். இந்தத் துணியில் மருந்து இருப்பதால் தினமும் துடைக்கும் துணியோடு கலக்கக் கூடாது. பாடியின் கீ இல்லாத மேல்முனையைப் பிடித்துக்கொண்டு, குழாயின் நீளவாக்கில் லேசாகத் தேய்க்கவும். கீகளின் நடுவில் இருக்கும் கறுப்பை அப்படியே விட்டுவிடலாம். மனசு கேட்கவில்லையென்றால் உலர்ந்த காட்டன் பட்ஸ் போதும். பேடின் மேல்தோல் வெங்காயச் சருகு போல அவ்வளவு மெல்லிசு, பாலிஷ் பட்டால் போச்சு. திரவ பாலிஷ் எதையும் பாடியின் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

உதட்டை வைத்து ஊதும் தகடான லிப் பிளேட்டின் மேல்பகுதியைத் துடைக்கலாம். ஆனால் ஊதும் துளையின் விளிம்பில் பாலிஷ் துணி படக்கூடாது. காற்று வெட்டுப்படுவது அந்தக் கூர் விளிம்பில்தான், அது மழுங்கினால் நாதமும் மழுங்கும். துளைக்குள் அழுக்கு இருந்தால் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் தொட்ட பட்ஸை ஒரு சுற்று சுற்றி எடுங்கள். ஹெட் ஜாயின்ட் பாடிக்குள் நுழையும் இடத்தையும் பாலிஷ் போடாமல் வெறும் துணியால் துடையுங்கள். தேய்ந்தால் பிடிப்பு போய்விடும். வாசலின், கிரீஸ் தடவுகிறார்கள், தேவையே இல்லை. தூசி ஒட்டி உரசும்.

அலுமினிய ஃபாயிலும் ஆப்ப சோடாவும் போடும் வித்தை? ரசாயனம் உண்மைதான். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குத் தாவிவிடும், சுரண்டல் இல்லை. ஆனால் கீ உள்ள பாகங்களை அதில் முக்கினால் பேட் அத்தனையும் குப்பைக்குத்தான். ஹெட் ஜாயின்ட்டுக்கு மட்டும் செய்யலாம், அதுவும் அதன் மூடிய முனையில் இருக்கும் கிரவுன் என்ற மூடியைக் கழற்றி, உள்ளே அடைத்திருக்கும் கார்க்கை வெளியே எடுத்த பிறகு. குழாய் கிரவுன் பக்கம் குறுகலாக இருப்பதால் கார்க் அகன்ற முனை வழியாகத்தான் வரும், எதிர்ப்பக்கம் இழுத்தால் கிழியும். 1 லிட்டர் வெந்நீருக்கு 1 மேசைக்கரண்டி சோடா, ஹெட் ஜாயின்ட் அலுமினிய ஃபாயிலைத் தொட்டபடி இருக்க வேண்டும், 2 நிமிடம். அலச உப்பான போர்வெல் தண்ணீர் வேண்டாம், கேன் தண்ணீர் எடுங்கள். கார்க்கைத் திரும்பப் போடும்போது ஊதும் துளையின் நடுவிலிருந்து 17 மில்லிமீட்டரில் நிற்க வேண்டும். கிளீனிங் ராடில் இருக்கும் கோடு அதற்குத்தான்.

இடது கை ஆள்காட்டி விரலின் அடிப்பாகம் ஃப்ளூட்டைத் தாங்கும் இடத்தையும், தாடை படும் லிப் பிளேட்டையும் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வியர்வை உப்பு அங்கேதான் புள்ளி புள்ளியாக அரிக்கும். பச்சை தெரிந்தால் முலாம் போய்ச் செம்புக் கலவை வெளியே வந்துவிட்டது என்று அர்த்தம், எந்தத் துணியும் அதை வெள்ளியாக்காது. திரும்ப முலாம் போட பூஜைப் பாத்திரக் கடையில் கொடுத்துவிடாதீர்கள். அவர்கள் பஃபிங் சக்கரத்தில் பிடித்தால் பேட் உட்காரும் துளை விளிம்புகள் ஏற்றத்தாழ்வாகி, காற்று ஒழுக ஆரம்பிக்கும். ஃப்ளூட்டைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ரிப்பேர்காரர் வழியாகத்தான் அது போக வேண்டும். அதுவரை அந்தப் பச்சையைத் தினமும் உலர்ந்த துணியால் துடைத்து, ஈரம் தங்காமல் வைத்தால் வாசிப்புக்கு ஒரு குறையும் வராது.