எண்ணெய் தொலைவது மரத்தடியில்

கொழும்புத் தலைமை அலுவலகத்தில் முள்ளுத்தேங்காய் எனப்படும் எண்ணெய்ப்பனைத் தோட்டக் கணக்குப் பார்ப்பவர்கள் ஆலை அறிக்கையில் முதலில் தேட வேண்டியவை இரண்டு: நூறு கிலோ குலைக்கு எத்தனை கிலோ எண்ணெய், அதில் சுயாதீனக் கொழுப்பமிலம், அதாவது கொழுப்பு உடைந்து எண்ணெயைக் கெடுக்கும் அமிலம், எத்தனை வீதம். முதலாவது 20க்குக் கீழே இறங்கினாலும் இரண்டாவது 5ஐத் தாண்டினாலும் உடனே ஆலையைத்தான் குறை சொல்வோம். பெரும்பாலும் கோளாறு காலி, களுத்துறைச் சரிவுகளில், மரத்தடியிலேயே நடந்து முடிந்திருக்கும்.

பூ மகரந்தம் ஏற்றுக் குலை பழுக்க ஐந்து, ஐந்தரை மாதம் ஆகும். ஆனால் சதையில் எண்ணெய் ஏறுவது கடைசிச் சில வாரங்களில்தான். ஒரு அறுவடைச் சுற்று முந்தி வெட்டிய, பழுக்காத கருங்குலை தராசில் குறை காட்டாது, எண்ணெயில் காட்டும். கிலோவுக்கு மட்டும் கூலி கொடுத்தால் வெட்டுபவர் அதையும்தான் வெட்டுவார். அது அவர் குற்றமல்ல, கூலி முறையின் குற்றம்.

பழுத்ததற்கு அடையாளம் தரையில் கிடக்கும் உதிரிப்பழம். மரத்தைச் சுற்றி இரண்டு மீற்றர் வரை புல் செதுக்காவிட்டால் அந்த அடையாளமும் தெரியாது, பழத்தையும் பொறுக்க முடியாது. எண்ணெய் அதிகமுள்ளது அந்த உதிரியில்தான். குனிந்து பொறுக்குவது முதுகொடிக்கும் வேலை, கூடை நிறைந்தாலும் எடை சொற்பம். அதற்குத் தனிக்கூலி கொடுக்காத தோட்டம் எண்ணெயை மண்ணுக்கு விடுகிறது.

பத்து நாளுக்கொரு முறை வெட்டும் சுற்று மழையில் இருபது நாளாகும்போது அமிலம் ஏறுகிறது. கனிந்த, அடிபட்ட பழத்தில் நொதியம் கொழுப்பை உடைக்கத் தொடங்கிவிடும். ஆலையில் நீராவி பட்டால்தான் அது அடங்கும். அதனால் 24 மணித்தியாலத்துக்குள் லொறி ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும். போயா எனும் பௌர்ணமி விடுமுறைக்கு ஆலை மூடுமென்றால் முதல் நாள் பிற்பகல் கத்தி எடுக்கவே கூடாது.

இலங்கையில், காலி மாவட்டத்து நாக்கியாதெனியவில் 1968இல் தொடங்கிய பயிர் இது. 2021 ஏப்ரலில் புது நடுகைக்குத் தடை வந்தபின், நிற்கிற மரங்கள் வருடத்துக்கு அரை மீற்றர் அளவில் உயர்ந்துகொண்டே போயின. உயரம் கூடக் கூடக் குலை கண்ணுக்குத் தெரியாது, விழும்போது அதிகம் நசுங்கும். குலையை எட்டுவதற்காக ஓலையைத் தாராளமாக வெட்டுவது இன்னும் மோசம். முதிர்ந்த மரத்தில் 32 ஓலையாவது நிற்க வேண்டும். குறைந்தால் பெண்பூ குறைந்து ஆண்பூ கூடும். விளைச்சலில் அது தெரிய ஒன்றரை, இரண்டு வருடம் ஆகும். அதனால் ஓலை எண்ணிக்கையையும் மாத அறிக்கையில் கேட்டு வாங்க வேண்டும்.