நிகழ்ச்சி நிரல் நேராக நாட்காட்டிக்குள் போகட்டும்

சிங்கப்பூரில் நிகழ்ச்சி நடத்துவோர் வாட்ஸ்அப் குழுவில் போடும் போஸ்டர் படம் அரைமணி நேரத்தில் மேலே போய் மறைந்துவிடும். துணைப்பாட வகுப்பு, இரவு ஷிஃப்ட், பாட்டிக்குப் பலதுறை மருந்தகம் என்று ஓடும் வீட்டில் அதை யார் தேடுவார்கள்? ஐசிஎஸ் (.ics) கோப்பு போதும்; அதைத் திறந்தால் நிகழ்ச்சி கைப்பேசி நாட்காட்டியில் சேர்ந்துவிடும். தனிச் செயலி வேண்டவே வேண்டாம்.

கோப்பில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் மாறாத ஓர் அடையாள எண் (UID) கொடுங்கள். நேரம் மாறும்போது எண்ணையும் மாற்றினால் பழையது, புதியது இரண்டுமே நாட்காட்டியில் நிற்கும். நாள் முழுக்க நடக்கும் நிகழ்ச்சியில் முடிவுத் தேதி கணக்கில் சேராது: 14, 15 இரண்டு நாளும் என்றால் முடிவை 16 என்று எழுத வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். நேர மண்டலம் சிங்கப்பூர் என்று குறிக்காவிட்டால், விடுமுறைக்குத் தமிழ்நாடு போனவர் இரவு 7 மணி நேரலையை அங்கே 7 மணிக்குத் திறப்பார். இங்கே அப்போது 9.30.

இடத்தோடு ஆறிலக்க அஞ்சல் குறியீடு கட்டாயம். புளோக் எண் மட்டும் போதாது.

சந்தா இணைப்பு (நிரல் மாறும்போது நாட்காட்டி தானே மாற்றிக்கொள்ள உதவும் இணைப்பு) கொடுத்தாலும், கூகல் நாட்காட்டி அதைப் புதுப்பிக்கப் பல மணி நேரம் ஆகலாம். கடைசி நேர ரத்தை மட்டும் குழுவிலும் ஒரு வரியில் சொல்லிவிடுங்கள்.