பிஸ்கோட்டியைக் கடிக்காதீர்கள், முக்குங்கள்

போன வாரம் தங்கை போனில் பொரிந்து தள்ளினாள். ஊரில் ஏதோ ஒரு காபி கடையில் கண்ணாடி ஜாடிக்குள் நீளமாக அடுக்கி வைத்திருந்த பிஸ்கோட்டி என்கிற இத்தாலிய பாதாம் பிஸ்கட்டில் ஒன்றை வாங்கியிருக்கிறாள், நான் இங்கே இத்தாலியில், பிளாரன்ஸில் இருந்துகொண்டு அதைப் பற்றி ஓயாமல் பேசுவதால் வந்த ஆசை. "அக்கா, கல்லைக் கடிச்ச மாதிரி இருக்கு. இதுக்குப் போய் இவ்வளவு காசா? நீ என்னத்தைத்தான் இதுல கண்ட?" என்றாள். எதில் முக்கிச் சாப்பிட்டாய் என்று கேட்டேன். எதிலும் முக்கவில்லையாம், அப்படியே கடித்திருக்கிறாள்.

அவளைக் குறை சொல்ல முடியாது, கடைக்காரரும் சொல்லித் தரவில்லை. ஆனால் இது கடித்துத் தின்பதற்காகச் செய்த பண்டமே இல்லை.

முதலில் பெயர். இத்தாலியில் கடைக்குப் போய் பிஸ்கோட்டி வேண்டும் என்றால் எந்த பிஸ்கட் என்று கேட்பார்கள், ஏனென்றால் இங்கே எல்லா பிஸ்கட்டும் பிஸ்கோட்டிதான். நாம் சொல்கிற, பாதாம் போட்ட, சாய்வாக வெட்டிய, இரண்டு தடவை சுட்ட அந்தத் துண்டுக்கு பிளாரன்ஸ் இருக்கிற தொஸ்கானா பகுதியில் கந்துச்சி என்று பெயர். பிளாரன்ஸிலிருந்து ரயிலில் அரை மணி நேரம்கூட ஆகாத பிராத்தோ ஊர்க்காரர்கள் மட்டும் அதை பிராத்தோ பிஸ்கோட்டி என்றே சொல்வார்கள். லத்தீனில் பிஸ் என்றால் இரண்டு முறை, கோக்துஸ் என்றால் சமைத்தது. நம் பாட்டி வாயில் வந்த பிஸ்கோத்து இருக்கிறதே, போர்த்துகீசியர் வழியாக வந்த அந்தச் சொல்லுக்கும் இதுதான் வேர். இது தெரிந்த அன்று எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், ஏதோ சொந்தக்காரரைத் தெருவில் பார்த்த மாதிரி.

போன வருஷம் அம்மா இங்கே வந்திருந்தபோது பிராத்தோவுக்கு அழைத்துப் போனேன். வியா ரிக்காசோலி தெருவில் அந்தோனியோ மத்தேய் கடை 1858-இல் தொடங்கியது, 1867 பாரிஸ் கண்காட்சியில் பாராட்டும் வாங்கியது. நீலக் காகிதப் பையில் போட்டு, மேலே கயிறு கட்டித் தருவார்கள், அந்த நீலத்தைப் பார்த்தாலே இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு எந்தக் கடை என்று தெரிந்துவிடும். உள்ளே மாவு, சர்க்கரை, முட்டை, பாதாம், பைன் கொட்டை, அவ்வளவுதான். வெண்ணெய் கிடையாது, எண்ணெய் கிடையாது, பாலும் கிடையாது.

அந்தக் கடினத்துக்குக் காரணமே இதுதான். வெண்ணெய் இருந்தால் மாவைச் சுற்றிப் படிந்து அதை இறுகவிடாமல் வைத்துக்கொள்ளும், அதனால்தான் வெண்ணெய் பிஸ்கட் வாயில் வைத்ததும் பொலபொலவென்று உதிர்கிறது. இதில் அப்படித் தடுக்க ஒன்றும் இல்லை. இரண்டாவது தடவை அடுப்புக்குப் போகும்போது மிச்சமிருக்கிற ஈரமும் போய்விடுகிறது, ஈரம் இல்லாததால் டப்பாவை இறுக மூடி வைத்தால் வாரக்கணக்கில் கெடாது. கெடாமல் இருக்கத்தானே அந்தக் காலத்தில் கப்பலுக்கும் இப்படிச் சுட்டார்கள்! வெனிஸில் கப்பல் கட்டும் தளத்துக்குப் பக்கத்திலேயே மாலுமிகளுக்கான காய்ந்த பிஸ்கட் சுடும் அடுப்புகள் இருந்தன. இனிப்பும் பாதாமும் இல்லாத அந்தப் பிஸ்கட்டை யாரும் வெறுமனே கடித்துச் சாப்பிட்டிருக்க முடியாது, ஏதாவது ஒன்றில் ஊறப் போட்டுத்தான் ஆக வேண்டும்.

கந்துச்சியை இவர்கள் முக்குவது வின் சாந்தோவில், பெயருக்கு அர்த்தம் புனித ஒயின். திராட்சையைப் பறித்ததும் பிழிவதில்லை, பாயில் பரப்பியோ தொங்கவிட்டோ மாதக்கணக்கில் வாட விட்டு, கிட்டத்தட்ட உலர் திராட்சை ஆன பிறகு பிழிந்து, சின்னப் பீப்பாய்களில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். சாப்பாடு முடிந்து மேசையில் சின்னக் கண்ணாடிக் கிளாஸ் வரும், பக்கத்தில் ஒரு தட்டில் நாலைந்து கந்துச்சி, பேச்சு ஒரு மணி நேரம் ஓடும்.

அம்மா அதைத் தொடமாட்டார். வீட்டுக்கு வந்ததும், ஊரிலிருந்து கொண்டுவந்த பொடியில் டிகாக்‌ஷன் இறக்கி காபி கலந்து கொடுத்தேன். ஒரு துண்டை எடுத்துப் பாதி வரைக்கும் காபிக்குள் விட்டார், அதிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழ் மேலே வந்தது. உள்ளே இருக்கிற துளைகளில் காபி ஏறுகிறது, காற்று வெளியே வருகிறது. நாலு எண்ணி எடுத்து வாயில் வைத்தார். வெளிப்பக்கம் இளகியிருக்கும், நடுவில் இன்னும் ஒரு முறுமுறுப்பு மிச்சம் இருக்கும், பாதாம் மட்டும் நனையாமல் அப்படியே பல்லில் படும். கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நம்ம ரஸ்க் மாதிரிதாண்டி இருக்கு, ஆனா காபியில விட்டா இது விழல" என்றார். ரஸ்க்கும் இரண்டு தடவை சுடுவதுதான், முதலில் ரொட்டியாக, பிறகு துண்டு போட்டு. ஈஸ்ட் போட்டுப் பொங்கவைத்த ரொட்டி என்பதால் அது சட்டென்று ஊறிக் கரைந்துவிடும், இது இறுக்கமான மாவு, அதனால் தாங்குகிறது.

தங்கைக்கு நான் சொன்னது, வீட்டிலேயே செய்து பார் என்பதுதான். 250 கிராம் மைதா, 150 கிராம் சர்க்கரை, 2 முட்டை, தோல் எடுக்காத பாதாம் ஒரு 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. முதல் தடவை என்றால் அரை டீஸ்பூன் பேக்கிங் பவுடர் சேர்த்துக்கொள்ளலாம், தப்பில்லை. மாவு கையில் ஒட்டும், கையை நனைத்துக்கொண்டு இரண்டு நீளமான உருளைகளாகத் தட்டில் வைத்து 180 டிகிரியில் 25 நிமிடம். வெளியே எடுத்து ஐந்து நிமிடம் விட்டு, சூடு இருக்கும்போதே பல் வைத்த ரொட்டிக் கத்தியால் சாய்வாக, விரல் கனத்துக்கு வெட்ட வேண்டும். முழுக்க ஆறிவிட்டால் உடைந்து நொறுங்கும். கத்தி பாதாமில் முட்டி நிற்கும், அழுத்தாமல் அறுத்தால் சரியாக இரண்டாகும், பழுப்புத் தோலுக்குள் வெள்ளை வெளேரென்று தெரியும். அப்புறம் துண்டுகளைப் படுக்க வைத்து 150 டிகிரியில் பத்து நிமிடம், திருப்பிப் போட்டு இன்னொரு பத்து.

வெண்ணெய் போட்டு, ஒரு பக்கம் சாக்லேட் பூசி வருகிற வகையும் நிறைய கடைகளில் இருக்கிறது. அதை மோசம் என்று சொல்லமாட்டேன், வெறும் வாயில் தின்ன அது நல்ல பிஸ்கட், ஆனால் காபியில் விட்டால் பாதி கப்புக்கு அடியில் போய்விடும். காசு கொடுக்க வேண்டாதது மூடியில்லாத ஜாடியில் நாள்கணக்கில் கிடக்கிற துண்டுதான். ஈரக் காற்று பட்டு சவசவத்திருக்கும், பாதாமில் சிக்கு வாடை வரும். தங்கை வாங்கியது அப்படிப்பட்டதாகத்தான் இருக்கும் என்று முதலில் நினைத்தேன், கேட்டால் வாடை ஒன்றும் இல்லை, நல்ல கெட்டியாகத்தான் இருந்தது என்கிறாள். அப்படியென்றால் பண்டம் சரியானதுதான்.

மீதிப் பாதியைப் பையிலேயே வைத்திருக்கிறாளாம். சாயங்காலக் காபி வரும்போது அதை எடு, நாலு எண்ணு என்று சொல்லியிருக்கிறேன்.