எதிலும் குறை காணும் உறவினரோடு காலம் தள்ளுதல்

எந்நேரமும் குறையே பேசுபவர்களிடமிருந்து விலகிவிடுங்கள் என்னும் அறிவுரை, யாரோடும் கொடுக்கல் வாங்கல் இல்லாமல் வாழ முடிந்தவர்களுக்குப் பொருந்தலாம். பெருந்துறைப் பக்கம் கீழ்பவானியின் ஒரே கிளை வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சும் எங்களுக்கு அது உதவாது. பக்கத்துத் தோட்டத்துக்காரரே தாய்மாமனாகவும் இருப்பார். நாளை வீட்டில் ஒரு விசேஷம் என்றால் சீரோடு முன்னால் வந்து நிற்க வேண்டியவரும் அவர்தான்.

என் மாமா ஒருவர் இருக்கிறார். எங்கள் வாய்க்காலுக்குத் தண்ணீர் திறக்கும் நாளான ஆகஸ்ட் 15 நெருங்கும்போது, பவானிசாகர் அணையின் 105 அடியில் எத்தனை அடி நிரம்பியிருக்கிறது என்று நாளிதழைப் பார்த்துச் சொன்னால், "அணை நெறஞ்சா மட்டும் நம்ம தோட்டத்துக்கு வந்து சேர்ந்துருமா மாப்ள?" என்பார். தண்ணீர் வந்துவிட்டால் மஞ்சள் விலையைச் சொல்வார். விலையும் நன்றாக இருந்தால் ஆள் கிடைக்காததைச் சொல்வார். 2,07,000 ஏக்கர் பாசனப் பரப்பில் பாதிக்கு ஒரு போகம், மீதிக்கு அடுத்த போகம் என்று பிரித்துத் தண்ணீர் விடும் ஏற்பாட்டில், கடைமடைக்காரருக்கு அந்த அச்சம் வருவதில் நியாயமும் உண்டு. ஆனாலும் நாம் எடுத்துச் சொல்லும் ஒவ்வொரு நல்ல செய்தியும் அவருடைய அடுத்த குறைக்கு அடியெடுத்துக் கொடுப்பதாகவே முடிகிறது.

சரி, மறுக்காமல் கூடச் சேர்ந்து தலையாட்டலாமே என்றால், அதிலும் ஆபத்து இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் அமண்டா ரோஸ் பள்ளி மாணவர்களிடையே நடத்தி 2002இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே பிரச்சினையைத் திரும்பத் திரும்பப் பேசிப் புலம்பும் நண்பர்களிடையே நெருக்கம் அதிகமாக இருந்ததையும், கூடவே மனச்சோர்வும் பதற்றமும் அதிகமாக இருந்ததையும் கண்டார். நம் திண்ணைகளிலும் இதுதான் நடக்கிறது என்பது என் எண்ணம். கூடிப் புலம்புவதில் பாசம் வளர்வதாகத் தோன்றுவதால்தான், எழுந்து போக நமக்கு மனம் வருவதில்லை.

ஆகவே நான் மறுப்பதும் இல்லை, ஒத்து ஊதுவதும் இல்லை. பேச்சைக் கைக்கு எட்டும் ஒரு வேலையின் பக்கம் திருப்பிவிடுகிறேன். "மாமா, மடைகிட்ட மண்ணு கரைஞ்சிருக்குதுங்க, ஒரு எட்டுப் போய்ப் பாத்துட்டு வந்தரலாமுங்களா?" என்று கேட்டால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்துவிடுவார். மண் அணைத்து முடிக்கும் வரையில் அவர் பேசுவதெல்லாம் மண்வெட்டியின் காம்பு ஆடுவதைப் பற்றித்தான். உட்கார்ந்து பேசியே ஆக வேண்டிய நாளில், சாயங்காலம் பால் சொசைட்டிக்குக் கிளம்புவதற்குச் சற்று முன்பாகப் போவேன். பாலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தால் எங்கள் ஊரில் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். இரவில் அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் நீண்ட குரல் பதிவுகளை மறுநாள் காலை வேலை முடிந்த பிறகுதான் கேட்பேன்.

இவையெல்லாம் சுபாவத்திலேயே குறை பேசுபவர்களுக்கு மட்டும். நேற்றுவரை கலகலப்பாக இருந்த ஒருவர் இரண்டு வாரங்களுக்கு மேலாக உறங்காமல், சரிவரச் சாப்பிடாமல், எதிலும் நாட்டமின்றி, இருந்து என்ன பயன் என்று பேசத் தொடங்கினால், அதைச் சுபாவம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. அவரை மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். வர மறுத்தால், 14416 என்ற அரசின் டெலி மானஸ் எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசி, அடுத்து என்ன செய்யலாம் என்று வீட்டாரே கேட்டுக்கொள்ளலாம்.